சம்பந்திகள் வண்டி மாற்றிக்கொண்ட நாள்

பெண்ணுக்கு நிறம் போதவில்லை, மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமில்லை என்று நின்றுபோன கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். மண் அள்ளும் வண்டியால் நின்றுபோன கல்யாணம், எனக்குத் தெரிந்து வண்ணாரப்பேட்டையிலேயே என்னுடையது ஒன்றுதான்.

என் அத்தா சௌக்கத் அலியும், எனக்குப் பேசிவைத்த ஒவைஸின் அத்தா மஹீன் பாயும் ஸ்க்ரேப்பர் ஓட்டுபவர்கள். ஸ்க்ரேப்பர் என்றால் வயிற்றுக்கு அடியில் பிளேடு வைத்த பெரிய தொட்டி. ஓடிக்கொண்டே தரையைச் சீவும், சீவிய மண்ணைத் தொட்டியில் வாங்கிக்கொள்ளும், தூக்கிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் தோசை மாவு மாதிரி பரப்பிவிட்டு வரும். இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

அத்தா ஓட்டுவது சங்கிலி வண்டி. தொட்டியின் வாயில் சங்கிலியில் கோத்த இரும்புப் பட்டைகள் சுழன்று சுழன்று மண்ணை வாரி உள்ளே போடும். பின்னாலிருந்து யாரும் தள்ள வேண்டாம். மணல் என்றால் அதற்கு அல்வா. களிமண் என்றால் பட்டைக்குப் பட்டை அப்பிக்கொண்டு நின்றுவிடும். மஹீன் மாமா ஓட்டுவது ரெட்டை இஞ்சின். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நாலு சக்கரமும் இழுக்கும். களி, சேறு, மேடு எதற்கும் அசராது. ஆனால் உதிரி மணலில் இறக்கினால் தொட்டி பாதிகூட நிறையாது, மணல் பிளேடுக்கு முன்னாலேயே வழிந்து ஓடிவிடும்.

ஆக, மணலுக்கு இது, களிக்கு அது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். என் இரண்டு பெரியவர்களுக்கும் புரியாது.

கல்யாணத் தேதி பேச மஹீன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பிஸ்கட் தட்டு காலியாவதற்குள் பேச்சு வண்டிக்குப் போய்விட்டது.

"சங்கிலி வண்டியா? அது பொம்பளைங்க ரவை சலிக்கிற ஜல்லடை" என்றார் மாமா.

"உன்னுது மட்டும் இன்னாவாம்? ரெண்டு இஞ்சின் வச்சிகினு ரெண்டு மடங்கு டீசல் குடிக்குது, அவ்ளோதான்" என்றார் அத்தா.

கடைசியில் அத்தா எழுந்து நின்று, "மஹீன் பாய் தன் வாயால சங்கிலி வண்டிதான் ஒசத்தின்னு சொல்ற அன்னிக்கி நிக்காஹ் தேதி குறிப்பேன். அதுவரிக்கும் பொண்ணு இல்லே" என்றார். மாமாவும் எழுந்தார். "சௌக்கத் பாய் ரெட்டை இஞ்சின்தான் வண்டின்னு ஒத்துக்கினாத்தான் நான் தாம்பாளம் தூக்கினு வருவேன். அதுவரிக்கும் பையன் இல்லே" என்றார். அம்மா சமையலறையில் பிரியாணிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதை அப்படியே வைத்துவிட்டு வந்து, இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

காசிமேட்டில் போட் இஞ்சின் பழுது பார்க்கும் ஒவைஸிடம் போனில் சொன்னேன். "எந்த இஞ்சினா இருந்தாலும் பிரிச்சு மேஞ்சிடுவேன் ஷாஸியா. உங்க அத்தாவுக்கும் எங்க அத்தாவுக்கும் ஸ்பேர் கிடைக்காதே" என்றான். சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். எனக்கு அவன்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம்.

இதில் கொடுமை என்னவென்றால், எண்ணூரில் கன்டெய்னர் யார்டுக்காக நிலம் சமன் செய்யும், அவர்கள் இரண்டு பேரும் வண்டி ஓட்டும் அந்த சைட்டுக்கு நான்தான் சூப்பர்வைசர். டிப்ளமோ சிவில். வீட்டில் அத்தா சொன்னதை நான் கேட்க வேண்டும், சைட்டில் நான் சொன்னதை அத்தா கேட்க வேண்டும். இரண்டுமே நடப்பதில்லை.

கடல் பக்கம் மணல் மேடு, உப்பளப் பக்கம் களிமண். நான் ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அத்தா களிமண்ணில் நிற்கிறார், மஹீன் மாமா மணலில். தன் வண்டி எங்கேயும் ஓடும் என்று காட்டுகிறார்களாம்! சங்கிலி வண்டியின் பட்டைகளில் களி அப்பி, சக்கையாக இறுகி, ஒரு பகல் முழுக்கக் கடப்பாரை வைத்து நோண்டினார்கள். ரெட்டை இஞ்சின் மணலைத் தொட்டியில் ஏற்றாமல் முன்னாலேயே தள்ளித் தள்ளி, சைட் நடுவில் புதிதாக ஒரு குன்றை உண்டாக்கி வைத்திருந்தது.

மண் தள்ளும் டோசர் ஓட்டும் நீலமேகம் அண்ணன், எம்.கே.பி. நகர்க்காரர், இறங்கி வந்து அந்தக் குன்றைச் சுற்றிப் பார்த்தார். "மேல ஒரு கொடி நட்டா சுற்றுலாத்தலம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வாக்கிடாக்கியிலேயே கத்தினேன். "ரெண்டு பேரும் வண்டியை விட்டு எறங்குங்க! தன் வண்டிக்கு எது ஆவும், எது ஆவாதுன்னு தெரியாதவங்க கையில அந்த வண்டி இருக்கக் கூடாது. நாளையிலருந்து மாத்திக்குங்க. அத்தா ரெட்டை இஞ்சின், களிமண்ணு. மாமா சங்கிலி வண்டி, மணலு. முடியாதுன்னா கேட் அங்க கீது."

யோசித்துச் செய்ததில்லை, ஆத்திரத்தில் சொன்னது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எதிராளி வண்டி மட்டம் என்று நிரூபிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? இரண்டு பேரும் வேண்டுமென்றே கெடுத்து ஓட்டுவார்கள், சைட்டும் கெடும், என் கல்யாணமும் மொத்தமாகப் போகும் என்று நினைத்தேன்.

அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார்கள். காலையில் அத்தா முகத்தில் அப்படி ஒரு களை. ஆனால் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. லாரி டிரைவர்கள், கிளீனர்கள், தண்ணீர் லாரி தேவப்பிரியம் என்று அத்தனை பேரும் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வரிசையாக நின்றார்கள்.

அத்தா பிளேடை வேண்டுமென்றே ஆழமாக இறக்கினார். வண்டி முக்கி நின்றது.

"இன்னா பாய், பழக்கமில்லையா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல். "வயசாயிடுச்சு, கை போச்சு, வுடுப்பா" என்று இன்னொன்று.

கை போச்சு! ஆபரேட்டரைப் பார்த்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அதை மட்டும் சொல்லக் கூடாது. வண்டியை மட்டம் தட்ட வேண்டுமென்றால் மோசமாக ஓட்ட வேண்டும். மோசமாக ஓட்டினால் கை மட்டம் என்று எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் சொல்வார்கள். அத்தாவின் முகத்தில் இந்தக் கணக்கு ஓடியதைப் பார்த்தேன். பிளேடு மெல்ல மேலே ஏறியது. இரண்டு இஞ்சினும் ஒரே சுருதியில் உறும, களிமண் பாளம் பாளமாகத் தொட்டிக்குள் சுருண்டு விழுந்தது. வரிசையில் விசில்.

விசில் சத்தம் அந்தப் பக்கம் மஹீன் மாமா காதில் விழுந்தது. அதுவரை சங்கிலியை வெறும் காற்றில் சுற்றவிட்டு, "பாருங்க, ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்று கையை விரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த நடையில் தொட்டி நிறைய மணல். பரப்பிவிட்டுப் போன இடத்தில் கேரம் ஆடலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டு பேரும் இறங்கவில்லை. நீலமேகம் அண்ணன் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, "மகராசி, என் டோசருக்கும் யாரையாச்சும் மாத்தி வுடேன், எனுக்கும் விசில் வேணும்" என்றார்.

சாயங்காலம் வண்டிகள் நின்றன. முதலில் அத்தா வந்தார். முகமெல்லாம் புழுதி, கண் மட்டும் பளபளப்பு.

"மஹீன் பாய், இத்தினி நாளு இத்த வச்சிகினு நீ ஒழுங்கா ஓட்டவே இல்லையே! பின்னாடி இஞ்சின் தள்றப்ப யானை முதுவுல குந்தின மாதிரி கீது. ரெட்டை இஞ்சின்தான்யா வண்டி."

"போய்யா" என்றார் மாமா. "உனுக்கு அந்தச் சங்கிலி வண்டியோட அருமை தெரியல. பூ வார்ற மாதிரி வாருது. பின்னால தள்ள டோசர் வேணாம், எவன் தயவும் வேணாம். அதான் ஒசத்தி."

"இன்னா பேஜாரா கீது, நான் சொல்றேன் உன் வண்டிதான் ஒசத்தி!"

"உன்னுதுதான் ஒசத்திங்கிறேன், காதுல வுழலையா?"

ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. எனக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் போட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது. இடையில் புகுந்தேன்.

"நிறுத்துங்க! மாமா, நீங்க இப்ப இன்னா சொன்னீங்க?"

"சங்கிலி வண்டிதான் ஒசத்..." மாமா வாயைத் திறந்தபடியே நின்றார்.

"அத்தா, நீங்க?"

அத்தாவுக்குப் பதிலாக லாரிக்காரர்கள் அத்தனை பேரும் கோரஸாகச் சொன்னார்கள். நீலமேகம் அண்ணன் என்னைப் பார்த்து, "சாட்சிக்கு நாங்க கீறோம், தேதியைக் குறிம்மா" என்றார்.

மஹீன் மாமா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே ஒவைஸுக்குப் போன் போட்டு, "டேய், குளிச்சுட்டு வாடா, வர்ற வெள்ளிக்கிழம தாம்பாளத்தோட போறோம்" என்றார். தேவப்பிரியம் எல்லாருக்கும் டீ சொன்னார். நான் குதிக்காததுதான் பாக்கி.

அத்தாவைக் காணோம். பார்த்தால் சங்கிலி வண்டி கேபினில் தனியாக உட்கார்ந்து, துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். படியில் ஏறினேன்.

"இன்னாத்தா, தோத்துட்டோம்னு வருத்தமா?"

"வண்டி கெடக்குது, எது ஒசந்தா எனுக்கின்னா" என்றார், என்னைப் பார்க்காமல். "இந்தச் சண்டை ஓடற வரிக்கும் நீ வூட்ல இருப்பேன்னு பார்த்தேன். இன்னிக்கி விசிலு கேட்டு மயங்கிட்டேன்."

எத்தனை மாதம் இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன்!

"தண்டையார்பேட்டைல கீற அவங்க வூடு இன்னா துபாயா? ஷேர் ஆட்டோல ஏறினா வந்துட்டேன். கார்த்தால இங்க வந்தா என் மூஞ்சிலதானே முழிக்கப் போறீங்க."

"அது சைட்டும்மா. வூட்லருந்து பைக்ல என் பின்னாடி குந்திகினு, மெதுவா போ, லெஃப்டுல போ, இன்னா அவசரம்னு எண்ணூர் வரிக்கும் திட்டிகினே வருவியே. அது போவுதே."

கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் அழுவதை லாரிக்காரர்கள் பார்க்கக் கூடாது. கேபினுக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். அதில் ஒரே சீட்டுதான். படியில் ஆள் நிற்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியவளே நான்தான்.

"ஓட்டுங்க" என்றேன்.

"கீழ எறங்கு, வுழுந்துடுவே."

"ஓட்டுங்கன்றேன்ல!"

வண்டி நகர்ந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, மெதுவா போங்க, லெஃப்டுல போங்க, இன்னா அவசரம் என்று அந்த ஒரு சுற்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அத்தா முன்னால் பார்த்தபடி ஓட்டினார். எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார்.