விரல் படாத சாமந்தி

2004 மார்ச் 9, லூசியானா மாநிலம், லா ரோஷ் நகரம்: பூ அலங்கார உரிமத்துக்கான செய்முறைத் தேர்வுக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். இரண்டு பேர் தேறினார்கள்.

தேறாதவர்களில் வெர்லீன் காஸ்பார்டும் ஒருத்தி. அவளுக்கு இது நாலாவது முறை. சூப்பர் மார்க்கெட்டின் பூப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக நிற்பவள். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கும் மீதிப் பேரின் சவப்பெட்டிக்கும் பூ கட்டியவள். உரிமம் மட்டும் உடன் வேலை பார்த்த இன்னொருத்தியின் பெயரில் சுவரில் தொங்கியது. அவள் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போனபோது அதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நடுவர்கள் நால்வர். நால்வருக்கும் அதே ஊரில் சொந்தப் பூக்கடை. ‘பூக்களுக்கிடையே இடைவெளி சீராக இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். முந்தின முறை, இடைவெளி அளவுக்கு மீறிச் சீராக இருந்ததாம்.

மேலாளர் ரோலண்ட் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தனிப் பூவா விக்கலாம் வெர்லீன். உரிமம் இல்லாம சேர்த்துக் கட்டினாத்தான் குத்தம். அடுத்த பரீட்சை வரைக்கும் கையை அடக்கிக்கோ. ஒரே ஒரு புகார் நிரூபணமானாலும் உன்னை என்னால வச்சிருக்க முடியாது.”

“ரெண்டு பூ பக்கத்துல பக்கத்துல நின்னா?”

“நிக்கட்டும். நீ நிக்க வைக்காதே.”

அக்டோபர் 30, சனிக்கிழமை. திங்களன்று புனிதர் அனைவர் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிட்டு ஊரே சாமந்தி வாங்க வந்து நின்றது. வெர்லீன் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வாயால் வேலை பார்த்தாள். முதல் ஆள் இறால் படகுக்கார அல்சீட்.

“வெள்ளை மூணு எடுங்க. உயரமானது நடுவுல. ஐயோ, கழுத்தை நெரிக்காதீங்க, அது இறால் இல்ல!”

“இறால்னா இந்நேரம் தலையைக் கிள்ளியிருப்பேனே.”

வரிசை சிரித்தது. அல்சீட்டின் தடித்த விரல்களில் ஒரு செண்டு உருவாகிவிட்டதைப் பார்த்து அவரே அசந்துபோனார்.

அவருக்கு அடுத்து நின்றவர் பூ உரிமம் வழங்கும் வாரியத்தின் ஆய்வாளர் வெண்டல் பிரெஜான். கழுத்தில் கேமரா.

“எங்கம்மா கல்லறைக்கு ஒண்ணு வேணும்” என்றார்.

வெர்லீன் கைகளை இன்னும் ஆழமாகத் திணித்துக்கொண்டாள். கை பைக்குள் இருக்கும்வரை பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “மஞ்சள்ல தொடங்குங்க சார். அந்தப் பச்சை இலையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. இன்னும். ஆங், பாருங்க, அம்மா சந்தோஷப்படுவாங்க.”

பிரெஜான் தன் கையிலிருந்த செண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம் முகம் மலர்ந்தது. பிறகு அதைப் படம் பிடித்துவிட்டு, புகார்த் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“நான் தொடவே இல்லையே சார்!”

“தொடலம்மா. கத்துக்கொடுத்தீங்க. கத்துக்கொடுக்க வேற உரிமம் இருக்கு.”

“என் பொண்டாட்டி தினமும் எனக்குக் கத்துக்கொடுக்கிறாளே, அவளுக்கு எந்த உரிமம்?” என்றார் அல்சீட்.

“பாடத்தைப் பொறுத்தது” என்றார் பிரெஜான், தலை நிமிராமல். செண்டைச் சாட்சியப் பொருளாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டார்.

“அப்ப உங்கம்மாவுக்கு?”

“தனித்தனிப் பூவா வச்சிடுறேன்.”

நவம்பர் 18 அன்று விசாரணை. அதே நான்கு பூக்கடைக்காரர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கற்பித்தல் நடந்ததா என்பதுதான் கேள்வி. பிறந்ததிலிருந்து ஒரு பூவைக்கூடக் கட்டியதில்லை என்று ஆய்வாளர் சத்தியம் செய்தார். செண்டு வாடிவிட்டதால் புகைப்படத்தை வைத்து மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு எண்பத்து நாலு. ‘இடைவெளி மிகச் சீர்.’ ஒன்றும் தெரியாதவர் எண்பத்து நாலு வாங்கியிருக்கிறார் என்றால், கற்பித்தல் நடந்தது ஐயத்துக்கிடமின்றி உறுதியானது.

“எழுபதுதானே தேர்ச்சி?” என்று எழுந்தாள் வெர்லீன். “அப்ப என் வேலை தேறிடுச்சு இல்லையா?”

நடுவர் ஆனரீன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “தேறினது அவர் கைம்மா. நீங்கதான் கையே வைக்கலைன்னு சொல்றீங்களே.”

டிசம்பர் 1 அன்று வெர்லீன் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். சூப்பர் மார்க்கெட்டில் பூப் பிரிவு இருந்த இடத்தில் இப்போது ஐஸ் பெட்டி நிற்கிறது. மறு ஆண்டு திருநாளுக்கு அல்சீட் தன் குடும்பக் கல்லறையில் பிளாஸ்டிக் பூ வைத்தார்.