பைக்குள் ஒரு கவசம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வாரமாக இருப்புக்கொள்ளவில்லை. ஆன்லைன் விளையாட்டில் சேர்ந்த அன்று, தூர நின்று நெருப்பு வீசலாமே என்று மந்திரவாதி வேடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்துவிட்டான். மந்திரவாதிக்குக் கோலும் பருத்தி அங்கியும்தான். வாளும் இரும்பும் போர்வீரர்களுக்கு. அவர்கள் குழுவில் போர்வீரர், அடுத்த அறையில் உட்கார்ந்து விளையாடும் அவனுடைய அக்கா. அடி முழுக்க அவள் வாங்கினாள், பேரும் அவளுக்கே போனது. இவனோ அவள் முதுகைப் பார்த்துப் பார்த்தே வெந்துகொண்டிருந்தான்.

ஞாயிறு மதியம் டிராகன் செத்து, ஒரு கருப்பு இரும்புக் கவசம் விழுந்தது. விழுந்த பொருளை அணியக்கூடியவர் மட்டும் ‘தேவை’ என்று அழுத்துவார். மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். அதுதான் குழுவின் வழக்கம். இவன் கை சும்மா இருக்கவில்லை. இருவரும் அழுத்த, விளையாட்டே உருட்டிய பகடை இவன் பக்கம் விழுந்து, கவசம் இவன் பைக்குள் போனது.

“நீ எதுக்குடா அழுத்துன? உன்னால அதைப் போடவே முடியாதே,” என்றாள் அக்கா, சுவருக்கு அப்பாலிருந்து.

“கை தவறிடுச்சுக்கா. இந்தா, நீயே வச்சுக்க.”

“ஒருத்தர் பைக்குள்ள போனது கைமாறாது. தெரியாத மாதிரி நடிக்காத.”

அடுத்த குகையில் பூதம் வந்தது. அக்காவின் பழைய கவசம் நாலாவது அடியில் நொறுங்க, அவள் சாய்ந்தாள். முதன்முறையாக அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. பூதம் ஒரே ஒரு அடிதான் அடித்தது. பருத்தி அங்கி என்ன செய்யும், பாவம்.

அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“பை ரொம்ப கனமா இருக்காடா?” என்றாள் அக்கா.