வட்டத்தில் ஒரு நாற்காலி

பத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்திலும் ஆறு மாத வயிறுகள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசவேண்டுமாம், ஆஸ்பத்திரியில் புது ஏற்பாடு. காலர் தைக்கிறவளுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை மாதமும் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தாள். மூன்று நிமிஷ வேலை. கம்பெனி தரும் ஒரு மணி நேரப் பர்மிஷனுக்குள் போய்த் திரும்பிவிடலாம். இங்கே என்னடாவென்றால் ஊர்க்கதை அளக்கிறார்கள்.

"எல்லாரும் தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"குடிக்கிறேங்க" என்று சொல்லிப் பழகிய வாய் அதையே சொல்லப் போனது. அதற்குள் பக்கத்தில் இருந்த, மாடிப்படி கழுவுகிற அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா குடிக்கிறது? குடிச்சா பாத்ரூம் வரும். பாத்ரூம் பக்கம் திரும்பினாலே எங்க மேஸ்திரிக்கு மூக்குல வேர்த்துரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் அவளும் சொல்லிவிட்டாள்.

"எங்க லைன்ல பாத்ரூம் போறதுக்கு முப்பது பேருக்கு ஒரே டோக்கன்க்கா. அது கைக்கு வர்றதுக்குள்ள உசுரே போயிரும். மத்தியானம் வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படாது. அதனாலதான் தலவலி மண்டையப் பொளக்குது போல."

நர்ஸம்மாவின் சிரிப்பு நின்றது. "தலவலியா? டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலியேம்மா. வெளிய வேற அத்தன பேரு நின்னாங்க."

அங்கேயே கையில் பட்டை சுற்றிப் பார்த்தார். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள்.

"இது தண்ணியால வந்ததில்லம்மா. வாராவாரம் இங்க வந்துரு. கண்ணு மங்கினா அன்னிக்கே ஓடி வரணும். இல்லன்னா உனக்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத தாயி. அடுத்த வாரம் உனக்கு நான் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

அடுத்த வாரம் கம்பெனியில் சூப்பர்வைசர் பர்மிஷன் சீட்டைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு மணி நேரமா? மூணு நிமிஷம்தான் பாப்பாங்கன்னு நீதான சொன்ன?"

"இது வேற சார். எல்லாரும் உக்காந்து பேசணும்..."

"பேசறதுக்கெல்லாம் பர்மிஷன் கெடையாதும்மா. தனியாப் பாக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் போயிட்டு வா."

கையெழுத்து இல்லாத சீட்டுக்குக் கேட் திறக்காது. அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். பத்து மணி. இந்நேரம் அக்கா பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலரை மடித்து வைத்தாள். ஊசி இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்; இரண்டுதான். கையைத் தூக்கினாள்.

"டோக்கன் வெளிய போயிருக்கு, வரட்டும்" என்றார் சூப்பர்வைசர், திரும்பாமலே.

கையை இறக்கினாள். இரண்டில் வலது பக்கத்து ஊசியை நம்பித் துணியைத் தள்ளினாள்.