ஓரக்கல் வைக்காத இடம்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் வெளியறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ரோடு காண்ட்ராக்டர். புதுக் குடியிருப்புக்கு எதிரே இருந்த ஒரு ரவுண்டானாவை அகலப்படுத்தப் போனாராம். "அங்க ஒரே மெத்தை காலையிலேருந்து ரோட்டைக் கடந்துகிட்டே இருந்துச்சு சார்" என்றார். ஏன் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு வாய் மரத்துப் போயிருந்தது. கையால் ஏதோ காட்டினார். காற்றில் ஒரு வட்டம், ஒரு நேர்கோடு, அப்புறம் இரண்டு விரல்கள் நடப்பது போல. அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

ஆக, தலையும் இல்லை, வாலும் இல்லை. நடுத்துண்டு மட்டும் கையில். ஆனால் நான் பேரம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவன். கைக்குட்டை அளவு துண்டுத்துணியை விரித்துக் காட்டி, சட்டைக்குத் தாராளமாகப் போதும் என்று சாதித்தவர்கள் என் சித்தப்பாமார்கள். எனக்கும் போதும்.

2

எங்கள் வீட்டுத் துணிக்கடையில் முதலில் சொல்லும் விலை விற்பதற்கு அல்ல. வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு. முதல் வரியையும் அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

'காலை வெயில் தார்ச்சாலையின் மேல் உருகிய வெள்ளியாக' [நீங்கள் முகம் சுளித்தீர்கள். சரக்கை உள்ளே எடுத்துவிட்டேன்.]

'வளர்ச்சி என்பது யாருக்காக? ஒரு நகரம் தன் சாலைகளை அகலப்படுத்தும்போது அதன் மனிதர்கள்' [இது மேடையில் பேச வேண்டியது. கைதட்டுவார்கள், யாரும் வாங்கமாட்டார்கள்.]

'ஆணியக்கா கடையில் இல்லாத பொருளைக் கேட்டு வந்தவர்கள்கூட இருக்கிற எதையாவது வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.'

இது படிகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

ரவுண்டானாவின் இந்தப் பக்கம் கடைவரிசை. அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய குடியிருப்பு, பெயின்ட் வாசனை போகாத அடுக்குகள். புது வீட்டில் கால் வைத்தவர்களுக்குத்தான் தெரியும், சுவர் வாங்கினால் மட்டும் போதாது, அதில் மாட்டுவதற்குக் கொக்கி வேண்டும் என்று. கொக்கி, ஆணி, வாளி, துடைப்பம், திரைச்சீலைக் கம்பி, குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம், எல்லாம் ஆணியக்காவிடம் உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கேட்ட ஆணியை டப்பாவைப் பார்க்காமலே எடுத்துத் தருவாள்.

அவளும் அந்தக் குடியிருப்பில்தான் வீடு வாங்கினாள். கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தினமும் நடக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நாற்காலிதான். ஆனால் சும்மா நட என்றால் நடக்கிற ஆள் இல்லை அவர். போகிற இடம் தெரியாமல் ஆயுளில் ஒரு நாளும் வண்டி எடுத்தவரில்லை. எனவே ஆணியக்கா அவருக்கு ஒரு ரூட் போட்டுக் கொடுத்தாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வருவாள். மதியம் அவர் அதைத் தூக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே, ரவுண்டானாவைக் கடந்து வருவார்.

"மறதி முத்திப்போச்சு உனக்கு" என்பார்.

"வயசாகுதுல்ல" என்பாள்.

[அவருக்கு இந்த ஏற்பாடு தெரியுமா? முதல் பிரதியில் தெரியாது என்று எழுதினேன். இரண்டாவதில் தெரியும் என்று மாற்றினேன். இப்போது அடித்துவிட்டு, வெறும் இடம் விட்டிருக்கிறேன். தம்பதிகளுக்குள் அப்படி ஓர் இடம் இருப்பது நல்லது.]

4

இனி நடந்த தவறு. இதை வியாபாரிகளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

ரவுண்டானாவை மாற்றுவதற்கு முன் யார் எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக ஓர் ஆள் வந்தான். கடைவரிசைக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்தான். கையில், கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறுகிற சின்னக் கருவி. வண்டிகளை ஒருவன் எண்ணட்டும், நடந்து கடப்பவர்களை நீ எண்ணு என்று அவனுக்கு உத்தரவு.

வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. அறியாத ஆள் எதிரே உட்கார்ந்து எதையாவது எண்ணினால், உடனே கடை ஈ ஓட்டுவதுபோல் நடிக்க ஆரம்பித்துவிடும். எண்ணுவது வரிக்கா, வாடகை ஏற்றவா, இடத்தைப் பிடுங்கவா என்றெல்லாம் விசாரிக்கமாட்டோம். முகத்தைத் தொங்கப் போட்டுவிட்டு அப்புறம்தான் விசாரணை. [இங்கே 'மாட்டோம்' என்று என்னையும் சேர்த்துக்கொண்டது கை தவறி அல்ல.]

கடைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் மெத்தைக்கடைக்காரர். அவர் ஆணியக்காவை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்ற பேரம் இன்னும் முடியவில்லை. அவர்தான் வரிசை முழுக்கச் சேதி அனுப்பினார். ஷட்டர்கள் பாதி இறங்கின. குடியிருப்பிலிருந்து அதிகாலையிலேயே வந்திருந்தவர்களைத் திரும்பிப் போகவிடாமல் உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இனி வரவிருந்தவர்களுக்கு, இன்றைக்கு ஸ்டாக் எடுக்கிறோம், சாமான் வீட்டுக்கே வரும் என்று போன் பறந்தது. ஆணியக்காவும் கணவருக்குப் போன் போட்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், இங்கேயே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள்.

சாயங்காலம் குடைக்காரன் கொட்டாவி விட்டபடி எழுந்து போனான். கடைக்காரர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பயலுக்கு நல்லா அல்வா கொடுத்தோம் என்றார் மெத்தைக்காரர்.

கொஞ்ச காலம் கழித்து வேலை தொடங்கியபோது, புது ரவுண்டானாவின் படத்தைப் பலகையில் வரைந்து வைத்தார்கள். அழகான படம். அகலமான சாலை, நடுவில் புல், வளைந்து வளைந்து அம்புக்குறிகள். கடைவரிசை ஓரமாக இடைவெளி இல்லாமல் ஓரக்கல், அதன் மேல் இடுப்புயர இரும்புக் கம்பி. நடந்து கடக்க வழி? எங்கும் இல்லை. ஒருவரும் கடக்காத இடத்தில் ஜீப்ரா கோடு எதற்கு?

கடக்க வேண்டுமென்றால் அடுத்த சிக்னல்வரை போய்ச் சுற்றி வர வேண்டும். நல்ல கால் உள்ளவனுக்கே பெருமூச்சு வரும் தூரம். ஆணியக்காவின் கணவர் படத்தைப் பார்த்தார். டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி, இனிமே மறக்காம எடுத்துட்டுப் போ" என்றார்.

அதைக் கேட்ட இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த மனிதரை நாற்காலியில் உட்கார விடுவதில்லை.

5

ரவுண்டானா வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியரை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டி, அலட்சியமாகப் பேசவைத்து, கதையின் வில்லனாக்கப் பார்த்தேன். ஆணியக்கா அவரிடம் என்ன சொன்னாலும் காதில் விழாத மாதிரி

[இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டேன். ஒத்துவராத ஆளோடு பேரம் பேசுவதில் சுவாரசியமே இல்லை. கொஞ்சம் நியாயம் எதிராளியின் கையிலும் இருந்தால்தான் வியர்க்கும்.]

எனவே அவர் இளைஞர். தூங்கிப் பல நாளான கண். தகரக் கொட்டகையில், காலணி முழுக்கச் சிமென்ட். ஆணியக்கா கொட்டகைக்குள் 'தம்பி' என்று கூப்பிட்டபடி நுழைந்தாள். அவர் நிமிராததைப் பார்த்து 'சார்' ஆக்கினாள். மரியாதையைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவதில் அவள் தேர்ந்த கை.

வழி வேண்டும் என்றாள். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். ஒரு நாள் முழுக்க ஆள் வைத்து எண்ணியிருக்கிறோம், ஒருவர்கூடக் கடக்கவில்லை.

ஆணியக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடைவரிசை தெரிந்தது. அடுத்து அவள் சொன்னதை அந்த வரிசையில் இதுவரை யாரும் ஓர் அதிகாரியிடம் சொன்னதில்லை.

"கடப்பாங்க சார். தினம் கூட்டமா கடப்பாங்க. எங்களுக்கு வியாபாரம் நல்லாவே நடக்குது. அன்னிக்கு உங்க ஆளைப் பார்த்துட்டு நாங்கதான் எல்லாரையும் மறைச்சோம்."

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

"பழக்கம்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பை நம்பி அவள் கொட்டகையை விட்டு நகரவில்லை. கடைசியில் படிந்தது இது: அவள் கடைக்கு எதிரே ஓர் ஆள் புகும் அகலத்துக்கு மட்டும் ஓரக்கல் வைக்காமல் விட்டுவைப்பார்கள். ஒரு நாள் மறுபடியும் எண்ணுவார்கள். ஆள் தேறினால் ஜீப்ரா கோடு. தேறாவிட்டால் அன்றைக்கே கல்.

"என் பெரிய ஆபீசர்கிட்ட உங்க வார்த்தையைக் கொண்டு போக முடியாதுக்கா. எண்ணைத்தான் கொண்டு போக முடியும்" என்றார்.

6

மெத்தைக்காரர் இரண்டு நாள் ஆணியக்காவோடு பேசவில்லை. வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சர்க்கார் ஆளிடம் வாயால் ஒப்புக்கொண்டது அவருக்கு, கடையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அவரே வந்தார். "போனது போச்சு. இனி நான் பார்த்துக்கறேன்" என்றார்.

இந்த இடத்தில் அவள் அவரைத் தடுத்திருக்க வேண்டும். நானும்தான்.

எண்ணும் நாளன்று காலையில் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஏணி தூக்கியவர், பிள்ளை வண்டி தள்ளிய தாய், ஷிப்டுக்கு முன் வாளி வாங்க ஓடிவந்த நர்ஸ் என்று மக்கள் தாமாகவே கடந்தார்கள். குடைக்காரனின் கட்டைவிரல் ஓயவில்லை. ஆனால் வியாபாரிக்கு எடை சரியாக இருந்தாலும், மேலே கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டால்தான் மனம் ஆறும். மெத்தைக்காரர் தன் கடை ஆட்கள் இருவரை இறக்கினார். சும்மா நடந்தால் சந்தேகம் வருமே என்று தோளில் ஒரு மெத்தையைக் கொடுத்தார். போனார்கள். வந்தார்கள். சட்டை மாற்றிக்கொண்டு மறுபடியும் போனார்கள். மெத்தைக்குத்தான் மாற்றுச் சட்டை இல்லை. ஓரம் கிழிந்த அதே நீல பாலிதீன் உறை.

[என் பல் வலிக்காரர் இங்கேதான் நின்றிருக்கிறார். அவர் தந்த துண்டு இத்தோடு தீர்ந்தது. இனி முழுக்க என் கைச்சரக்கு.]

இன்ஜினியர் வந்து சற்று நேரம் பார்த்தார். மெத்தைக்காரரிடம் போனார்.

"அண்ணே, இந்த மெத்தைக்கு எந்தப் பக்கம் படுத்தா தூக்கம் வரும்னு இன்னும் முடிவாகலையா?"

கேலியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. குடைக்காரனிடமிருந்து கருவியை வாங்கி, அதன் பக்கவாட்டுக் குமிழைத் திருகினார். எண்கள் எல்லாம் சுழன்று பூஜ்யத்துக்குப் போயின. காலையில் கடந்தவர்கள் அத்தனை பேரும் கடக்காதவர்கள் ஆனார்கள். மெத்தையைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன் என்று என் ஆபீசில் சொல்ல முடியாது என்றார். கிரேன்காரரைப் பார்த்துக் கை காட்டினார். மெத்தைக்காரர் வாயைத் திறந்தார், ஆணியக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

7

ஓரக்கல் கயிற்றில் கட்டப்பட்டு மேலெழும்போது, அது விழ வேண்டிய இடத்தில் ஆணியக்கா போய் நின்றாள்.

கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கடையில் நிற்பது போல, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றாள். கிரேன்காரர் எஞ்சினை அணைத்தார். இன்ஜினியர் வந்து, அக்கா, நகருங்கள், பேச்சு முடிந்தது என்றார்.

"பேச்சு முடிஞ்சுது. நான் பேச வரலை. அங்க பாருங்க."

எதிர்ப்பக்கம் அவள் கணவர் நின்றிருந்தார், கையில் டப்பாவுடன். அவருக்குப் பின்னால், நடுப்பகல் சாமான் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நிற்பவர் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"அதுல ஒருத்தரையும் நாங்க கூட்டிட்டு வரல. எண்ணுங்க."

இன்ஜினியர் அந்த வரிசையைப் பார்த்தார். கருவியை எடுத்தார். "என் கண் முன்னாடி கடக்கட்டும், எண்ணுறேன். ஆனா வண்டியை நான் நிறுத்த மாட்டேன். உங்க ஆளுங்களும் நிறுத்தக் கூடாது. நாளைக்கு நாங்க யாரும் இங்க இருக்க மாட்டோம்ல? அப்ப என்ன நடக்குமோ அது இப்ப நடக்கணும்."

ஆணியக்கா தலையசைத்தாள். சாலைக்குக் குறுக்கே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வாங்க."

"நிக்க மாட்டானுங்கம்மா" என்றார் அவர் அங்கிருந்தே. "நான் ஓட்டின காலத்துல நானே நின்னதில்ல."

"இன்னிக்கு நிப்பாங்க. இறங்குங்க."

8

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் யாரோ போட்டோ எடுக்கிறார்கள், பத்திரிகையில் வருகிறது, மேலிடம் பதறுகிறது, ஜீப்ரா கோட்டுக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள். சாயம் போகும் சரக்கு. ஒரு துவைப்புக்குத் தாங்காது.

இன்னொன்றில் அவரைச் சாலையில் விழவைத்தேன். நீங்கள் அழுதிருப்பீர்கள். ஆனால் ஒரு மனிதரின் முழங்காலை அடகு வைத்து வாசகரின் கண்ணீரை வாங்குவது எங்கள் வீட்டில்கூடக் கேவலம். கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் கல் விழுகிறது. ஆணியக்கா மறுநாளும் கொட்டகைக்குப் போகிறாள், அதற்கு மறுநாளும். இது நடக்கக்கூடியதுதான். அவளை எனக்குத் தெரியும், விடமாட்டாள். ஆனால் அவள் கேட்பது இன்றைக்கு. தவணையில் தர எனக்கு மனமில்லை.

எனவே, இப்போது வட்டத்தில் ஒரு வண்டி திரும்பி வருகிறது. சின்ன வேன். அதற்குப் பின்னால் வரிசையாக ஹாரன்கள். வேனை எழுதினேனே தவிர, உள்ளே ஆளை எழுதவில்லை. டிரைவர் சீட் காலி. இவ்வளவு நேரம் நின்று கேட்டுவிட்டீர்கள், ஏறி உட்காருங்கள். ஸ்டீயரிங் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும், பார்த்துப் பிடியுங்கள்; பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டும் நன்றாக வேலை செய்யும். உங்களுக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். பின்னால் இருப்பவன் திட்டுகிறான் என்றும் தெரியும். இன்ஜினியரின் கட்டைவிரல் கருவியின் மேல் இருக்கிறது, அழுத்தவில்லை. ஆணியக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் பார்ப்பது உங்களைத்தான்.

எதிரே பெரியவர், பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது போல ஒரு கையை நீட்டி, ஆபரேஷன் ஆன காலைத் தார்மேல் இறக்கிவிட்டார்.

உங்கள் கால் எதன்மேல் இருக்கிறது?