வாடகை நாற்காலிக் கடைக்கு ஒரு புரோகிராம்

ஷாயிஸ்தாவுக்கும் உஸ்மானுக்கும் நடந்த சண்டை நகைக்காகவும் இல்லை, நாத்தனாருக்காகவும் இல்லை. கம்ப்யூட்டரில் எதைப் போடுவது என்பதற்காக.

கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர்கள் புதிதாக ஒரு வாடகைக் கடை திறந்திருந்தார்கள். நாற்காலி, ஷாமியானா, அண்டா, பிரியாணி தேக்சா என்று கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். பெயர்ப் பலகையில் பெயின்ட் வாசனை கூடப் போகவில்லை. உஸ்மான் ரியாத்திலிருந்து லீவில் வந்தவன். கடை நிமிர்ந்தால் இங்கேயே இருந்துவிடுவது, இல்லையென்றால் லீவு முடிந்ததும் பெட்டியைக் கட்டுவது என்று பேச்சு. மகள் கைனாத் பிறந்ததிலிருந்து அப்பாவைப் போனில் கேட்டதுதான் அதிகம். இந்தத் தடவை அவனை விமானம் ஏற்றக் கூடாது என்று ஷாயிஸ்தா உள்ளுக்குள் கங்கணம் கட்டியிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவள் அவள். கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடத்த முடியாது என்று அவள் சொன்னபோது உஸ்மான் மறுக்கவில்லை. தாம்பரத்தில் ஒரு கடையில் பில் போடும் ரெடிமேட் சாஃப்ட்வேரின் சிடியை, பார்த்துவிட்டுப் பணம் தரலாம் என்று வாங்கிவந்தான்.

"ஊர்ல பாதிக் கடையில இதுதான் ஓடுது. கெட்டுப்போனா போன் பண்ணா ஆள் வருவான். நான் அங்க போயிட்டாலும் உனக்குத் தொல்லை இருக்காது."

கடைசி வாக்கியம்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இவன் போவதற்கே திட்டம் போடுகிறானா?

குறை சொல்லக் கூடாது, நல்ல சாஃப்ட்வேர்தான். மளிகைக் கடைக்கு அருமையாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு விற்பது, வாங்குவது இரண்டும்தான் தெரியும். கடையை விட்டுப் போன பொருள் திரும்பி வரும் என்று அதைப் படைத்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. நாற்காலி போனால் விற்பனை என்றும் திரும்பினால் கொள்முதல் என்றும் ஷாயிஸ்தா எழுதிப் பார்த்தாள். மாதக் கடைசியில் வந்த ரிப்போர்ட்டை இரண்டு பேரும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஒரே பழைய நாற்காலிகளை விற்று விற்றுத் திரும்ப வாங்கிய பைத்தியக்காரக் கடை, இந்தியாவிலேயே அவர்களுடையதாகத்தான் இருக்கும்.

"கதிரேசன்கிட்ட சொல்லி நமக்குன்னு ஒண்ணு எழுதச் சொல்லலாம்" என்றாள். கதிரேசன் சேலையூர்ப் பையன். எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கே ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. கம்பெனி வேலை கெடைச்சுப் போயிட்டான்னா? அது ரிப்பேர் ஆனா யாரைப் பிடிப்ப?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்குக் கோபம் வந்து, இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உஸ்மானே கதிரேசனைக் கூட்டிவந்தான்.

கதிரேசன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க ஷாயிஸ்தா கொட்டித் தீர்த்தாள். அண்டா நசுங்கினால் என்ன செய்வது, கரண்டி தொலைந்தால் என்ன செய்வது, தேதி தாண்டினால் எவ்வளவு அபராதம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவனும் கெட்டிக்காரன். பழைய செல்போன் ஒன்றை வயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, தேதி தாண்டியவர்களுக்குத் தானாகவே எஸ்.எம்.எஸ். போகும்படி செய்துவிட்டான். ஷாயிஸ்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினாள்.

எல்லாம் சொன்னவள் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்குப் போன நாற்காலியை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர்களாக அனுப்பும்போதுதான் அது வரும். இந்தப் பக்கத்தில் எந்தச் சாதி, எந்த மதமானாலும் அதுதான் வழக்கம். எல்லாருக்கும் தெரிந்ததை யார் போய் யாருக்குச் சொல்வார்கள்?

ஊரப்பாக்கம் ஆட்டோக்காரர் சவுரிமுத்துவின் அண்ணன் இறந்துபோனார். தகவல் வந்ததும் ஷாயிஸ்தா அட்வான்ஸ் கூட வாங்காமல் நாற்காலிகளை அனுப்பினாள். புரோகிராம் மட்டும் திரும்பும் தேதியைக் கேட்டுக்கொண்டு நகராமல் நின்றது. அவசரத்தில் மறுநாள் தேதியைத் தட்டிவிட்டு எழுந்தவள், அதை அப்படியே மறந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்து, கடை வாசலில் குட்டியானை லோடு வண்டி ஒன்று நாற்காலிகளோடு வந்து நின்றது. சவுரிமுத்து இறங்கினார். ஷேவ் செய்யாத முகம், தூங்காத கண்.

"எண்ணிக்கக்கா. எல்லாம் கீது."

"இன்னும் ஏழாம் நாள் ஜெபமே ஆகலையே அண்ணா. அதுக்குள்ள ஏன் கொண்டாந்தீங்க?"

"இன்னாக்கா தெரியாத மாரி கேக்குற? நீதானே மெசேஜ் வுட்ட? இன்னிக்கே தரலைன்னா ஃபைனுன்னு போட்டுகீது. ஊர்லேர்ந்து வந்த சனமெல்லாம் தரையில குந்திகினு கீது. பரவால்ல, எண்ணிக்க."

கம்ப்யூட்டர் அனுப்பியது என்று சொல்ல ஷாயிஸ்தா வாயெடுத்தாள். சொல்லவில்லை. தேதியைத் தட்டியது அவள் விரல்தானே. அவமானத்தில் காது வரை எரிந்தது.

உஸ்மான் உள்ளேயிருந்து வந்தான். சவுரிமுத்துவின் போனை வாங்கிப் படித்தான். 'நான் அப்பவே சொன்னேன்' என்பான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ இறக்கி வைத்த நாற்காலிகளைத் தூக்கித் திரும்ப வண்டியில் அடுக்கினான். பிறகு இவளைப் பார்த்து, "ஏறு, போலாம்" என்றான்.

ஊரப்பாக்கத்தில் இரண்டு பேருமாக நாற்காலிகளை விரித்துப் போட்டார்கள். இறந்தவரின் மனைவி அருள்மேரியிடம் போய், "தப்பு எங்க மேலதாங்க்கா" என்றபோதே ஷாயிஸ்தாவின் குரல் உடைந்தது. அருள்மேரி இவள் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, துக்க வீட்டு முறைப்படி, வருகிறேன் என்று சொல்லாமலே கிளம்பினார்கள்.

திரும்பும் வழியில், "அந்த ரெடிமேடையே போட்டுடலாங்க" என்றாள். "என்னால கடையும் கெட்டுது, பேரும் கெட்டுது. நீங்க டிக்கெட் போட்டுக்குங்க."

உஸ்மான் அவள் பக்கம் திரும்பினான்.

"என்னைப் பெத்த அத்தா மவுத்தானப்போ நான் ஏன் வரலைன்னு நீ கேட்டதே இல்ல."

"லீவு கிடைக்கலைன்னு சொன்னீங்களே."

"கேட்டேன். ஸ்டோர் மேனேஜர் நல்ல மனுஷன்தான். கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் பார்த்தார். சாவுக்குன்னு ஒரு லீவு அதுல இல்ல. மாத்துறதுக்கு அவருக்கும் அதிகாரம் இல்ல, அவருக்கு மேல இருந்தவருக்கும் இல்ல. எங்கயோ, யாருக்காகவோ எழுதினது. நம்மளது தப்புதான் பண்ணுச்சு. ஆனா மாத்தச் சொல்லலாம்ல? நீ சொன்னா கேக்கும்ல?"

ஷாயிஸ்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இதை அவன் ஒருவனாகவே சுமந்திருக்கிறான்.

மறுநாள் கதிரேசன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் வேலையில் இறங்கினான். இப்போது புரோகிராம் திறந்ததும் முதலில் ஒரே கேள்விதான் வந்தது: விசேஷமா, துக்கமா? துக்கம் என்று அழுத்தினால் தேதிக் கட்டமே காணாமல் போனது. எஸ்.எம்.எஸ். வாயை மூடிக்கொண்டது.

"நீ வேலைக்குப் போயிட்டா வேற யாராவது இதைத் திறந்து திருத்த முடியுமா?" என்று உஸ்மான் கேட்டான்.

"புரோகிராம் முழுசையும் சிடில போட்டுத் தர்றேண்ணா. தெரிஞ்சவங்க யார் வேணா திருத்தலாம்." கதிரேசன் கீபோர்டை இழுத்துக்கொண்டான். "பாஸ்வேர்ட் ஒருத்தருக்குத்தானே? அக்கா மட்டும்தானே கடையைப் பாத்துப்பாங்க?"

"ரெண்டு பேருக்குப் போடு தம்பி" என்றான் உஸ்மான். "நான் போகல."

ஷாயிஸ்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதிரேசன் பதறிப்போய்க் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"என்னக்கா, மறுபடியும் ஏதாவது தப்பா போட்டுட்டேனா?"

"இல்ல தம்பி" என்றாள் அவள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "எல்லாம் சரியா இருக்கு."