இரண்டு நாற்காலி அறை

மருத்துவமனை வராந்தாவில் இசக்கியம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உறுப்பு மாற்றுப் பிரிவின் ஆலோசகர் ரீபா வந்து, மகள் கலைச்செல்வி மட்டும் உள்ளே வரட்டும் என்றாள். இசக்கியம்மாவின் அண்ணன் சிவசைலமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். தனக்கு அனுமதி இல்லை என்று தெரிந்ததும், பிள்ளைக்கு விவரம் பத்தாது என்று முணுமுணுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள்தான் உண்டு. மூன்றாவது வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தவர் டாக்டர் எலியேசர். கல்லீரலில் ஒரு பகுதியைத் தானமாகக் கொடுக்க வருகிற எவரும், சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமல், அங்கே அவரிடம் தனியாகப் பேச வேண்டும். பக்கத்தில் அம்மா நின்றாலோ மாமா நின்றாலோ, வாயிலிருந்து வருவது அவர்களுடைய பதிலாகத்தான் இருக்கும்.

கலைச்செல்வி விக்கிரமசிங்கபுரத்துப் பெண். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, விடுதியில் தங்கியிருந்தாள். அப்பா சங்கிலிபூதத்தான் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிப்பழக்கம் கிடையாது. என்றோ ரத்தத்தில் நுழைந்த காமாலைக் கிருமி ஒன்று சத்தமில்லாமல் இருந்து அவருடைய கல்லீரலைக் கல்லாக இறுக்கிவிட்டது. மூளைச்சாவு அடைந்தவர் யாருடைய கல்லீரலாவது கிடைக்குமா என்று பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த வரிசை நீளம். அவருக்கு அவ்வளவு காலம் இல்லை.

எலியேசர் அவளிடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். விளக்கிச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. கல்லீரல் ஒன்றே போலத் தெரிந்தாலும் உள்ளே வலம், இடம் என்று இரண்டு பகுதிகள். இரண்டுக்கும் தனித்தனி ரத்தக்குழாய்கள். அதனால்தான் பிரித்தெடுக்க முடிகிறது. வெட்டிய துண்டு அதே இடத்தில் மறுபடியும் முளைப்பதில்லை. மிச்சம் இருக்கிற பகுதி சில மாதங்களில் பருத்து, முழு வேலையையும் தானே ஏற்றுக்கொள்கிறது. ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கடைசியாக எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

“பயமா இருந்தா, மனசு இல்லன்னா, இங்க சொல்லலாம்மா. வெளிய நான் ‘பொருந்தல’ன்னு மட்டும் சொல்லுவேன். ஏன்னு யாருக்கும் தெரியாது.”

கலைச்செல்வி அவரை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். “குடுக்கேன் சார். ஆனா ஒண்ணு. அண்ணனுக்குப் பொருந்தலன்னு தெரிஞ்ச அன்னைக்கே அம்மா போன் போட்டு லீவு சொல்லிட்டு வான்னுட்டா. குடுக்கியான்னு யாருமே கேக்கல. நீங்கதான் மொதல்ல கேக்கீங்க.”

அண்ணன் என்றதும் எலியேசர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

அண்ணன் இசக்கிதுரை சில நாட்களுக்கு முன்பு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், திடமான உடம்பு. ரத்த வகை, ஸ்கேன், எல்லாம் அப்பாவுக்காகவே அமைந்தது போல இருந்தன. ஆனால் கதவு சாத்தியதும் அழுதான். மனைவி முழுகாமல் இருக்கிறாள், தனக்குக் கத்தி என்றாலே பயம் என்றான். எலியேசர் அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். வெளியே வந்து ‘பொருந்தல’ என்றார். இசக்கியம்மா மகனின் தலையைத் தடவி, நீ என்னய்யா செய்வ என்று அழுதாள்.

இதில் எலியேசர் செய்தது தவறு என்று சொல்ல முடியாது. பயந்தவனைக் கட்டாயப்படுத்தி அறுப்பது மருத்துவம் அல்ல. உலகம் முழுவதும் மருத்துவர்கள் இப்படி ஒரு மறைப்பைக் கொடுத்துத்தான் மனமில்லாதவர்களைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த ரகசியங்கள் எல்லாவற்றையும் சுமப்பவர் மருத்துவர் ஒருவர் மட்டுமே. பாளையங்கோட்டை வீட்டில் எலியேசர் தனியாகத்தான் இருந்தார். மனைவி சாலோமி இறந்து சில வருடம் ஆகிறது. அவள் இருந்தபோதும் இந்த அறையில் கேட்டதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில், உங்கள் பக்கத்தில் மட்டும் ஆண்களில் ஏன் இத்தனை பேருக்குப் பொருந்தாமல் போகிறது என்று ஒருவர் எழுந்து கேட்டார். எலியேசர் தண்ணீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

அவருடைய ஆராய்ச்சி வேறொன்றைப் பற்றியது. சிறிய கல்லீரல் துண்டைப் பொருத்தினால் அது ஏன் கெட்டுப்போகிறது என்ற ஒரே கேள்வியின் பின்னால் இளமையிலிருந்து போய்க்கொண்டிருந்தார். முதலில் பன்றிகளிடம், பிறகு மனிதர்களிடம். குடலிலிருந்து புறப்படும் ரத்தம் முழுவதும் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். துண்டு சிறிதாக இருந்தால், பெரிய கல்லீரலுக்கான வெள்ளம் அத்தனையும் அதற்குள் பாயும். பாய்ந்து உள்ளிருக்கும் மெல்லிய நுண்குழாய்களைக் கிழித்துவிடும். அந்த வேகத்தை அளக்கவும் தணிக்கவும் அவர் கண்ட வழிகளை இன்று பல ஊர்களில் பின்பற்றுகிறார்கள். ஆனாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு.

சம்மதத்துக்குப் பிறகு எடுத்த கலைச்செல்வியின் ஸ்கேன் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. அவளுடைய வலப் பகுதியை எடுத்தால், அவளுக்கு மிச்சம் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவள் பிழைப்பது கடினம். இடப் பகுதியை எடுத்தால், எந்த வழியில் வேகத்தைத் தணித்தாலும் அப்பாவுக்குப் போதாது. எலியேசர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, அதே வார்த்தையைச் சொன்னார்.

இந்த முறை யாரும் அழவில்லை. சிவசைலம்தான் முதலில் பேசினார்.

“பொருந்தலயா, பொருந்த வேண்டாம்னு சொல்லிட்டாளா? கேட்டா டாக்டர்மாரே அப்படிச் சொல்லிருவாவளாம்லா. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும்.”

எலியேசர் கலைச்செல்வியைப் பார்த்தார். சொல்லுங்க சார் என்று அவள் தலையசைத்தாள். அவளுடைய அனுமதி கிடைத்ததும் அவர் அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“பாபநாசத்துல இருந்து வர்ற ஆத்துத் தண்ணி முழுசையும் கன்னடியன் கால்வாய்ல மட்டும் திருப்பிவிட்டா என்ன ஆகும் அண்ணாச்சி?”

“கரை போயிரும். வயலும் போயிரும்.”

“இந்தப் பிள்ளைட்ட எடுக்க முடியுற ஈரல் துண்டு அந்தக் கால்வாய் மாதிரி. அப்பாவோட ரத்தம் முழுசும் பாஞ்சா தாங்காது. அவ குடுக்கேன்னுதான் சொன்னா.”

சிவசைலம் சிரித்தார். “சொல்லிக் குடுத்தத நல்லாத்தான் சொல்லுதீய.” பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். “ஏட்டி, பெத்த அப்பனுக்கு ஒரு துண்டு ஈரல் தர மாட்ட. நாளைக்குச் சீதனத்துக்கு மட்டும் வந்து நில்லு.”

கலைச்செல்வி எழுந்தாள். வெளியே போய், வாகனங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா தன்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். மதியம் இசக்கியம்மா அங்கே வந்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மகனிடம் கொடுத்தாள். மகளின் பெஞ்சைக் கடந்து, அவளைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். மேலே மாடியில், மஞ்சள் பாய்ந்த கண்களோடு சங்கிலிபூதத்தான், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று நர்ஸிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

இசக்கிதுரை பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு கவளம் எடுத்தான். வாய்க்குள் போகவில்லை. தங்கை பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தோள்கள் எவ்வளவு சிறியவை என்பதை அன்றுதான் அவன் பார்த்தான். பொட்டலத்தை மூடி எடுத்துக்கொண்டு நேரே வராந்தாவுக்குப் போனான். எலியேசர் அடுத்த நோயாளியைப் பார்த்துவிட்டு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார்.

“எம்மா. பயந்தது அவ இல்ல. நாந்தான்.”

இசக்கியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அவன் மறுபடியும் சொன்னான். தனக்கு எல்லாம் பொருந்தியதாம், தான்தான் உள்ளே அழுது வேண்டாம் என்றானாம்.

“எனக்குப் பொருந்தலன்னதும் என் தலையத் தடவுனீய. அவளுக்குப் பொருந்தலன்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீய. ஒரே டாக்டர், ஒரே வார்த்தை. எனக்குச் சொன்னத மட்டும் ஏம்மா நம்புனீய?”

சிவசைலம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் அதை முகத்திலிருந்து எடுக்கவில்லை. இசக்கியம்மா கையை ஊன்றி எழுந்து, மகன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள்.

“உன்ட்ட நான் கேக்கவே இல்லியேட்டி,” என்றாள்.

எலியேசர் இசக்கிதுரையை மறுபடியும் அந்த அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். வெளியே இப்போது என்ன சொல்லிவிட்டிருந்தாலும் உள்ளே அது கணக்கில்லை என்றார். வெட்கத்துக்காகக் கொடுக்க வேண்டாம், தங்கைக்குப் பதில் சொல்லக் கொடுக்க வேண்டாம், இப்போதும் இல்லை என்று சொல்லலாம் என்றார். மறுபடியும் யோசித்து வர அவகாசமும் கொடுத்தார். அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

“பயம் போகல சார். கூடவே இருக்கட்டும். குடுக்கேன்.”

அறுவை சிகிச்சை நடந்தது. மகனுடைய கல்லீரலின் வலப் பகுதி அப்பாவின் உடம்புக்குள் வந்தது. ரத்தக்குழாய்களைப் பிடித்திருந்த கவ்விகளை விடுவித்ததும் வெளிறியிருந்த அந்தத் துண்டு சிவந்து ததும்பியதை, இத்தனை வருடம் கழித்தும் எலியேசர் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் தன் வழக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டார். இரண்டு நாற்காலி அறை அப்படியே இருக்கிறது; அங்கே சொல்வது அங்கேயே இருக்கிறது. ஆனால் யாரையும் உள்ளே அழைப்பதற்கு முன்னால், குடும்பம் முழுவதையும் வராந்தாவில் உட்காரவைத்துப் பேசுகிறார்.

“கேட்டு, அவங்க மனசறிஞ்சு குடுத்தாத்தான் அது தானம். பொம்பளப் பிள்ளைதானன்னு கேக்காம எடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு பிடுங்குறது. பையன் முடியாதுன்னா விதி, பொண்ணு முடியாதுன்னா துரோகம்னு சொல்ற வீட்டுல, பாரம் முழுசும் ஒரே வாய்க்கால்லதான் பாயும். கரை உடைஞ்ச பிறகு வாய்க்காலக் குத்தம் சொல்லாதீங்க.”

இசக்கிதுரை நலமாக வீடு திரும்பிய பிறகு, சங்கிலிபூதத்தானை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கலைச்செல்வி கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மற்றவர்கள் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அறைக் கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள். எலியேசர் எதிரே இருந்த வெறும் நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“சாப்ட்டீங்களா சார்?” என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த அறையில் அதுவரை கேள்வி கேட்டவர் அவர் மட்டும்தான்.