வரிசையில் பின்னால் நின்றவர்

லாக்கப்பில் போலீஸ் ஒருவனை அடிப்பதைப் படமெடுத்துப் பத்திரிகையில் போட்ட நாளிலிருந்து என் தம்பி வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் தேடுகிறது. வாரம் ஒருமுறை புதுப்புது எண்ணிலிருந்து கூப்பிடுவான். நான் அம்மாவின் முழங்கால் புராணத்தைப் பாடுவேன், அவன் ‘ம்’ கொட்டுவான். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்பதில்லை. இன்று அவனே சொல்வதாக இருந்தான். அம்மா அவனைப் பார்க்காமல் பாதியாகிவிட்டாள்.

தையல் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளை மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

“அது வேணாம்ங்க. போன தடவை அம்மாவுக்கு வயிறு எரிஞ்சு சாப்பிடவே இல்லையே.”

சொன்னது நான் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர். சட்டையில் மேல் பொத்தான் இல்லாத சாதுவான ஆள். குரலில் நிஜமான அக்கறை.

“ஆமா, மறந்தே போச்சு. நீங்க எந்த வீடு?” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. எதுவும் வாங்காமல் விறுவிறுவென்று போய்விட்டார்.

பாதி வழியில்தான் உறைத்தது. அந்த வயிற்றெரிச்சலைத் தம்பியைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லை. அதுவும் போனில். பாவி மனுஷன், போலீஸுக்காக எங்கள் போன் பேச்சை ஒட்டுக்கேட்டுக் கேட்டு, தானும் இந்த வீட்டு ஆள் என்றே நினைத்துவிட்டான்!

சாயங்காலம் போன் அடித்தது. எடுக்காவிட்டால் தம்பி பதறிப்போய் நேரே வந்து நிற்பான். அம்மா தலைவாரி, கிளம்பத் தயாராக எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இடத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ.”

“இருடா. முதல்ல இன்னொருத்தர்கிட்ட பேசணும்.” “எங்க பேச்சைக் கேட்டுக்கிட்டிருக்கிற அய்யா, நீங்க கடையில சொன்ன மாதிரியே வேற மாத்திரை வாங்கிட்டேன். ரொம்ப நன்றிங்க.”

தம்பி போனை வைத்துவிட்டான். அவன் தப்பித்தான். இனி கூப்பிடவும் மாட்டான். அம்மாவிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

அடுத்த வாரம், அவன் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்துக்குப் புது எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

“டேய் தம்பி!”

மருந்துக்கடையில் கேட்ட அதே குரல், அதே அக்கறை.

“அம்மாவுக்கு இப்ப முழங்கால் எப்படி இருக்குங்க?”

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“அவன்தானே?” என்று முகமெல்லாம் சிரிப்பாக அம்மா கையை நீட்டினாள். “குடுடி, நானே பேசுறேன்.”